வெறும் பெட்டிக்குத் தேனீ வரவழைப்பது: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெஹிவளையில் பின்வளவில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டால் போதும், கலியாண வீட்டில் பந்தியில் இருக்கும்போதும் யாராவது சந்தேகம் கேட்பார்கள். வெள்ளவத்தை மாடிவீட்டுக்காரர், வத்தளையில் கொஞ்சம் காணி உள்ளவர், மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் வேலை செய்யும் பிள்ளைகள் என்று ஆட்கள்தான் வேறு, கேள்விகள் அநேகமாக ஒன்றே. அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

வெறும் பெட்டியை வைச்சா தேனீ தன்பாட்டில வருமா? இல்லாட்டி சும்மா கதையா?

வரும். பூவும் மகரந்தமும் நிறையக் கிடைக்கும் காலத்தில் ஒரு தேனீக் குடும்பம் பெருகி, கூட்டில் இடம் போதாமல் போகும். அப்போது புது ராணிக்கான அறைகளைக் கட்டிவைத்துவிட்டு, பழைய ராணி ஒரு பகுதித் தேனீக்களோடு வெளியேறும். அந்தக் கூட்டம் பக்கத்தில் ஏதாவது கிளையில் குலையாகத் தொங்கிக்கொண்டிருக்க, வேவுத் தேனீக்கள் நாலாபக்கமும் போய் பொந்து தேடும். நீங்கள் வைக்கும் பெட்டி அவற்றுக்கு ஒரு பொந்துதான்.

இன்னொரு வகையும் உண்டு. எறும்புத் தொல்லை, மழை, பட்டினி, அடிக்கடி தொந்தரவு என்று ஏதாவது ஒன்றால் முழுக் குடும்பமும் கூட்டைக் கைவிட்டு ஓடும். நம் நாட்டுத் தேனீ இதில் மகா கெட்டிக்காரி. இப்படி ஓடிவரும் கூட்டமும் வீடு தேடித்தான் அலையும். கிராமங்களில் பழைய மண்முட்டியை மரத்தில் கட்டிவைத்துத் தேனீ பிடிப்பது காலங்காலமாக நடக்கிற வேலை. பெட்டி அதற்குப் பதிலாக வந்தது, அவ்வளவுதான்.

எங்க தோட்டத்துல குளவி கொட்டி ஆளுங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்களே, அதுவா பெட்டிக்கு வரும்?

இல்லை. தேயிலை மலைகளில் குளவி கொட்டு என்று செய்தியில் வருவதில் பெரும்பகுதி, சிங்களத்தில் பம்பரா என்று சொல்லும் பெரிய மலைத்தேனீயின் வேலை. அது பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கட்டடத்தின் உச்சியிலும் ஒற்றை வதையை, அதாவது தேனடையை, திறந்தவெளியில் தொங்கவிடும். சிகிரியாவில் சத்தம் போடாதீர்கள் என்று பலகை வைத்திருப்பது இதற்காகத்தான். கொழும்பிலும் உயரமான தொடர்மாடிகளின் தண்ணீர்த் தாங்கிக்கு அடியில் வந்து தங்கும். எந்தப் பெட்டிக்குள்ளும் நுழையாது. அதைக் கலைக்கப் போகாதீர்கள்.

உலர் வலயத்தில் சிறு செடிகளில் உள்ளங்கையளவு வதை கட்டும் சின்னத் தேனீயும் பெட்டிக்கு வராது. வருவது இருட்டுப் பொந்துக்குள் பல வதைகளை வரிசையாகக் கட்டும் தேனீ. அப்பிஸ் செரானா என்பது அதன் அறிவியல் பெயர். இந்தப் பக்கத்தில் பெட்டித்தேனீ என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

சுவர் வெடிப்பில ஈ மாதிரி சின்னக் கறுப்புத் தேனீ இருக்கு. அது பெட்டிக்கு மாறுமா?

அது கொசுத்தேனீ. கொட்டாது. வாசலில் மெழுகும் பிசினும் கலந்து சின்னக் குழாய் நீட்டியிருக்கும். அது பிரிந்து போகும் முறையே வேறு. புது இடத்தைத் தெரிந்துகொண்டு, தாய்க்கூட்டிலிருந்து மெழுகும் உணவும் கொண்டுபோய், நாட்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிபெயரும். இங்கே சொல்லும் பெட்டி அதற்கு மிகப் பெரியது. அது சுவரிலேயே இருக்கட்டும், உங்களுக்கு ஒரு கெடுதியும் இல்லை.

எந்த மாசத்தில பெட்டி வைக்கவேணும்?

தைப்பொங்கலோடு பெட்டி தயாராக இருக்கட்டும். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அவிசாவளை, களுத்துறைப் பக்கத்து இறப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்க்கும். இறப்பரில் பூவைவிட இளம் இலைக் காம்பில்தான் தேன் சுரக்கும். அது கொழும்புக்கு வெளியே நடக்கும் கதை என்றாலும், நகரத்திலும் மழை ஓய்ந்து வெயில் காயும் இந்தக் காலம் தேனீக்கு நல்ல காலம். தென்னை வருடம் முழுக்கப் பாளை விடுவதால் மகரந்தத்துக்கு இங்கே குறைவில்லை. சித்திரைப் புத்தாண்டு வரைக்கும் நம்பிக்கையோடு பார்க்கலாம்.

மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் பிரிந்து வரும் கூட்டம் குறைந்துவிடும். ஆனால் முதல் பதிலில் சொன்ன, ஓடிவரும் கூட்டம் எந்த மாதத்திலும் வரலாம். ஆகவே பருவம் முடிந்ததென்று பெட்டியைக் கழற்றிவைக்க வேண்டாம்.

யூடியூப்பில 40 லீற்றர் பெட்டி வேணும் எண்டு சொல்லுறாங்கள். என்னட்ட இருக்கிறது சின்னப் பெட்டி. சரிவருமா?

அந்த 40 லீற்றர் கணக்கு பிழையில்லை, ஆனால் அது வேறு தேனீக்கு. அமெரிக்காவில் தோமஸ் சீலி என்ற ஆய்வாளர் ஐரோப்பியத் தேனீயை வைத்துக் கண்டறிந்தது அது. வேவுத் தேனீ இருட்டுப் பொந்துக்குள் சுவரெல்லாம் நடந்து நடந்தே இடத்தின் அளவைக் கணிக்கிறது என்றும் அவர் காட்டினார். யூடியூப்பில் வரும் அமெரிக்க, ஐரோப்பியக் காணொளிகள் எல்லாமே அந்தத் தேனீயைப் பற்றியவை. நம் பெட்டித்தேனீ உருவத்தில் சிறியது, குடும்பமும் சிறியது. பத்துப் பதினைந்து லீற்றர் கொள்ளும் பெட்டி தாராளம். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் இணையத்தில் படிக்கும் ஆலோசனைகளில் பாதியை நீங்களே வடிகட்டிவிடலாம்.

பெரிய பெட்டிதான் கையில் இருக்கிறதென்றால் நடுவில் ஒரு பலகையை நிறுத்தி இடத்தைக் குறைத்துவிடுங்கள். வாசல் ஒரு விரல் தடிப்பு உயரமும் மூன்று நான்கு விரல் அகலமும் இருந்தால் போதும், பெட்டியின் அடிப்பக்கத்தில் இருக்கட்டும். பெரிய வாசலைச் சிறிய கூட்டத்தால் காவல் காக்க முடியாது.

புதுப் பெட்டி செய்விச்சு வார்னிஷ் எல்லாம் அடிச்சாச்சு. பிழையோ?

வெளிப்புறம் மட்டும் என்றால் பரவாயில்லை. மணம் போகும்வரை சில கிழமை வெயிலிலும் காற்றிலும் கிடக்கட்டும். உள்ளே எதையும் பூசக்கூடாது. பிளைவூட்டில் பசை மணம் நிற்கும். அல்பீசியா போன்ற மலிவான பலகையை நன்றாகக் காயவைத்துச் செய்தாலே போதும். எப்போதோ தேனீ இருந்த பழைய பெட்டி கிடைத்தால் புதிதைவிட அதுதான் மேல், நோயில் அழிந்த குடும்பத்தின் பெட்டி இல்லையென்றால். வைரஸ் நோய் ஒன்று 1990களின் தொடக்கத்தில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இதே தேனீயைக் கொத்துக் கொத்தாக அழித்தது. யாருடைய பெட்டி, ஏன் காலியானது என்று கேட்காமல் வாங்காதீர்கள். பழைய பலகையை நெருப்பில் வாட்டி எடுப்பது நல்ல பழக்கம்.

லெமன்கிராஸ் எண்ணெய் பூசினா ஓடி வரும் எண்டு சொல்லுறாங்கள். உண்மையோ?

ஐரோப்பியத் தேனீ தன் கூட்டாளிகளை அழைக்க வயிற்று நுனியில் ஒரு மணம் விடும். அதில் சிட்ரால் என்ற பொருள் உண்டு. எலுமிச்சைப் புல் எண்ணெயிலும் அதுதான் பெரும்பகுதி. அதனால் அங்கே அது நன்றாக வேலை செய்கிறது. இங்கே பூசிப் பார்ப்பதில் நட்டமில்லை. பஞ்சில் இரண்டு துளி விட்டு உள்ளே வைத்தால் போதும், போத்தலைக் கவிழ்த்தால் வருவதும் ஓடிவிடும். அதே காணொளிகளில் தேனீப் பிசினைத் தடவு என்றும் சொல்வார்கள். நம் பெட்டித்தேனீ பிசின் சேர்ப்பதே இல்லை, அதை விட்டுவிடுங்கள்.

நம் தேனீக்கு நான் நம்புவது மெழுகைத்தான். இதே தேனீயின் வதையிலிருந்து எடுத்த மெழுகை உருக்கி, மூடியின் உட்புறத்திலும் பக்கச் சுவரிலும் மெல்லிதாகத் தேயுங்கள். பெட்டிக்குள் வதை கட்டுவதற்காகத் தொங்கவிடும் ஒவ்வொரு மரச்சட்டத்தின் மேல்கட்டையிலும் விரலகலத்துக்குப் பழைய வதைத் துண்டு ஒன்றை ஒட்டினால் இன்னும் நல்லது, வதை நேராகக் கட்டவும் அது உதவும். முழு வதையை வைக்காதீர்கள். காவலுக்குத் தேனீ இல்லாத வதையைக் கொழும்பின் புழுக்கத்தில் மெழுகைத் தின்னும் அந்துப்பூச்சி விட்டுவைக்காது. திறந்து பார்த்தால் நூலாம்படையும் கறுப்பு எச்சமும்தான் மிஞ்சும். அந்துவுக்குப் பயந்து உடுப்பு அலுமாரிக்குப் போடும் பூச்சி உருண்டையைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மணம் மெழுகில் ஏறிவிட்டால் ஒரு தேனீயும் கிட்ட வராது.

ஒன்லைனில மெழுகுத் தாள் விக்கிறாங்க. வாங்கிப் போடலாமா?

யாருக்கான தாள் என்று பார்த்து வாங்குங்கள். ஐரோப்பியத் தேனீக்கான தாளில், வதை கட்டுவதற்கு அச்சாகப் பதித்திருக்கும் அறை ஒவ்வொன்றும் சுமார் 5.4 மில்லிமீற்றர் அகலம். நம் தேனீயின் அறை 5 மில்லிமீற்றருக்கும் குறைவு. பொருந்தாத தாளில் கோணல்மாணலாகக் கட்டும், அல்லது கைவைக்காது. மேலே சொன்ன வதைத் துண்டு செலவில்லாமல் கிடைக்கும்போது இது எதற்கு?

எங்களுக்குக் காணி இல்லை, வெள்ளவத்தையில நாலாம் மாடி. பல்கனியில வைக்கலாமோ?

வைக்கலாம், ஆனால் பல்கனியைவிட மொட்டைமாடி நல்லது. பல்கனியில் தேனீ பறக்கும் பாதையும் நீங்கள் உடுப்புக் காயப்போடும் இடமும் ஒன்றாகிவிடும். இரவில் இன்னொரு பிரச்சினை: விளக்கு எரிந்தால் தேனீ வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்குள் வரும். வாசல் எந்த மின்விளக்கையும் பார்க்கக்கூடாது.

கடற்கரைப் பக்கத்து மாடிகளில் பருவமழைக் காற்று தென்மேற்கிலிருந்து உப்போடும் மழையோடும் அடிக்கும். வாசலைக் கிழக்குப் பக்கம் திருப்பி, பின்னால் ஒரு சுவரோ தண்ணீர்த் தாங்கியோ மறைப்பாக இருக்கும்படி வையுங்கள். காலை வெயில் படலாம், மத்தியான வெயில் ஆகாது. கொங்கிரீட் தளத்தில் நேரே வைத்தால் அடியிலிருந்து சுடும், இடுப்பளவு உயரத்தில் நிறுத்துங்கள். வளவு உள்ளவர்கள் மா, பலா நிழலில் ஆளுயரத்துக்கு மேல் ஏற்றிவைத்தால் வேவுத் தேனீயின் கண்ணில் படும். மழைத்தண்ணீர் உள்ளே நிற்காதபடி வாசல் பக்கமாகச் சற்றுச் சரித்துவிடுங்கள்.

எறும்பு வராம கால்ல தண்ணிக் கிண்ணம் வைச்சிருக்கேன். பி.எச்.ஐ வந்தா பிரச்சினையா?

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் கட்டாயம் பிரச்சினைதான், அது நியாயமும்கூட. டெங்கு நுளம்புக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும். கிண்ணத்தில் தண்ணீருக்குப் பதில் பழைய எஞ்சின் ஒயில் விடுங்கள், கராஜில் சும்மா தருவார்கள். மழைத்தண்ணீர் மேலே சேர்ந்தால் ஒயில் வழியும், ஆகவே கிண்ணத்துக்கு மேலே தகரத்தில் ஒரு சின்னக் குடை வெட்டிப் போடவேண்டும். அல்லது காலில் துணி சுற்றிக் கிரீஸ் பூசினாலும் சரி.

எறும்பை அலட்சியம் செய்யாதீர்கள். காலி வீட்டில் எறும்பு இருந்தால் வேவுத் தேனீ திரும்பிப் போய்விடும். குடிவந்த பிறகு எறும்பு ஏறினால் குடும்பமே ஓடிவிடும். மாமரத்துச் சிவப்பு முசுறு கிளை வழியாகவும் இறங்கும் என்பதால், பெட்டியில் எந்தக் கிளையும் இலையும் தொடாமல் வெட்டிவிடுங்கள்.

ரெண்டு மூண்டு தேனீ வந்து எட்டிப் பாத்திட்டுப் போகுது. நல்ல சகுனமோ?

நல்லதுதான். ஆனால் என்ன செய்கின்றன என்று கவனியுங்கள். வேவுத் தேனீயின் பின்னங்காலில் மகரந்தம் இருக்காது. வாசலைச் சுற்றி நடக்கும், பலகை இணைப்புகளை முகர்ந்து பார்க்கும், உள்ளே போய்க் கொஞ்ச நேரம் காணாமற் போகும். வெளியே வந்ததும் உடனே பறந்துவிடாது. பெட்டியைப் பார்த்தபடி முகத்தைத் திருப்பாமல், வில் போட்டதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்து அடையாளம் வைத்துக்கொள்ளும். அப்புறம் தன் கூட்டத்திடம் போய் ஆடிக் காட்டும். ஆட்டத்தின் திசையும் நேரமும்தான் முகவரி.

இதை முதலில் புரிந்துகொண்டவர் மார்ட்டின் லிண்டவர், நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷின் மாணவர். 1949இல் மியூனிக்கில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தில் சில தேனீக்கள் கரியும் செங்கல் தூளும் பூசியபடி ஆடுவதைப் பார்த்தார். பூவுக்குப் போன தேனீயில் கரி எப்படி ஒட்டும்? யுத்தத்தில் இடிந்த கட்டடங்களின் புகைபோக்கிகளிலும் சுவர்ப் பொந்துகளிலும் வீடு பார்த்துவிட்டு வந்தவை அவை.

உங்கள் வாசலில் எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடி, பத்து இருபது என்று மொய்த்தால் கூட்டம் வரும் வாய்ப்பு அதிகம். திடீரென்று ஒருநாள் ஒன்றுமே வராவிட்டால் வேறு இடம் முடிவாகிவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் நகர்த்துவதும் வேண்டாம்.

பக்கத்து வீட்டு மாமரத்தில குலையாத் தொங்குது! ஓடிப்போய்ப் பிடிக்கவோ?

எட்டும் உயரத்தில் இருந்தால், அந்த வீட்டாரும் சம்மதித்தால் பிடிக்கலாம். புறப்படும் முன் வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வருவதாலும், காக்கவேண்டிய குஞ்சும் தேனும் கையில் இல்லாததாலும், பிரிந்து வந்த கூட்டம் சாந்தமாக இருக்கும். பட்டினியில் ஓடிவந்த கூட்டம் அப்படியிராது. பார்த்ததும் எது எதுவென்று சொல்ல முடியாது, முகவலை போட்டுக்கொண்டே போங்கள்.

உடுப்புக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே போத்தலால் மெல்லிய தூறலாக அடித்தால் இறுகிக்கொள்ளும். குலைக்கு மேலே ஒரு கூடையையோ பெட்டியையோ கவிழ்த்துப் பிடித்து, கீழிருந்து மெதுவாகத் தள்ளினால் மேல்நோக்கி ஏறும். தேனீ மேலே இருட்டைத் தேடித்தான் போகும். ராணி உள்ளே போய்விட்டால் மிச்சமெல்லாம் தானாக வரும். சிலது வாசலில் நின்று வயிற்றைத் தூக்கி இறக்கையடித்தால் ராணி உள்ளே இருக்கிறது என்று நம்பலாம். புகை போட்டு, தடியால் தட்டிப் பிடிக்கும் வித்தையெல்லாம் வேண்டாம். இருட்டியபின் வாசலை மூடி எடுத்துப் போங்கள்.

கூட்டம் மொட்டைமாடிப் பெட்டிக்கு வந்திட்டுது. கீழ வளவுக்கு இறக்கலாமோ?

வந்த அன்றிரவே இறக்குங்கள். மறுநாள் வெளியே போய் இடத்தைப் படித்துவிட்டால் பிறகு பழைய இடத்துக்கே திரும்பும். சில நாள் ஆகிவிட்டதென்றால் இரண்டே வழி: தினமும் ஓரிரு அடியாக நகர்த்துவது, அல்லது இரவில் மூடி சில கிலோமீற்றர் தள்ளிக் கொண்டுபோய் வைப்பது. மாடியிலிருந்து கீழே என்றால் முதல் வழி நடக்காது. தெஹிவளையில் வந்ததை வத்தளைக்குக் கொண்டுபோனால் ஒரு சிக்கலும் இல்லை.

வந்து மூண்டாம் நாள் எல்லாம் போயிட்டுது. நான் என்ன செய்தன்?

பெரும்பாலும் திறந்து பார்த்திருப்பீர்கள். எல்லாரும் செய்வதுதான். வந்து முதல் பத்து நாள் மூடியில் கைவைக்கக்கூடாது. வாசலை மட்டும் பாருங்கள். காலில் மஞ்சள் உருண்டையாக மகரந்தம் கொண்டுபோகத் தொடங்கினால் உள்ளே ராணி முட்டையிடுகிறது, அல்லது இடப்போகிறது என்று ஓரளவு நிம்மதியாகலாம்.

திறக்காமலும் போனதென்றால் எறும்பு, மத்தியான வெயில், பூச்சு மணம், பசி என்று வரிசையாகப் பாருங்கள். எறும்பும் வெயிலும் மேலே வந்துவிட்டன. பசிக்கு, சீனியும் தண்ணீரும் சம எடையில் கரைத்த பாணியை மாலை மங்கியபின் பெட்டிக்குள் வைக்கலாம். சின்னப் போத்தல் மூடிகளில் குச்சி மிதக்கவிட்டு வைத்தால் தேனீ மூழ்காது. வெளியே ஒரு சொட்டும் சிந்தக்கூடாது. கூட்டத்தைக் கட்டிப்போட ஒரே பலமான வழி, வேறொரு பெட்டியிலிருந்து இளம் புழு உள்ள வதைச் சட்டம் ஒன்றை வாங்கி நடுவில் வைப்பதுதான். பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டு வீடு மாற யாருக்குத்தான் மனம் வரும்? தேனீ வளர்க்கும் நண்பர் ஒருவர் இருக்கவேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

வாசல்ல ராணிக் கதவு போட்டு அடைச்சா ஓடாதுதானே?

வேலைக்காரத் தேனீ நுழைய, ராணி நுழைய முடியாத இடுக்குள்ள தகரம் அது. ஓடுவதைச் சில நாள் தடுக்கும். ஆனால் வந்த ராணி எது என்று உங்களுக்குத் தெரியாது. முதலில் பிரியும் கூட்டத்தோடு பழைய ராணி வரும், அதை அடைத்தால் பெரிய கேடில்லை. அதே கூட்டிலிருந்து இரண்டாவது, மூன்றாவதாகப் பிரியும் சிறு கூட்டங்களில் இருப்பது இணைசேராத கன்னி ராணி. அது வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு சேர்ந்து வந்தால்தான் முட்டையிடும். கதவு போட்டால் குடும்பம் மெல்ல அழியும்.

கூட்டம் சிறியதாக இருந்தால் கதவு வேண்டாம். பெரியதாக இருந்து போட்டீர்களானால், மகரந்தம் வரத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் புழுவதை கிடைக்கும் இடத்தில் கதவு தேவையே இல்லை.

கீழ் வீட்டு அன்ரி பயப்பிடுறா. பிள்ளைகளுக்குக் கொட்டினா?

அன்ரியிடம் பெட்டி வைக்கும் முன்பே போய்க் கதையுங்கள். தொடர்மாடி என்றால் நிர்வாகக் குழுவிடமும். யாருக்காவது தேனீ கொட்டி முன்பு உடம்பு முழுக்கத் தடித்தது, மூச்சு முட்டியது என்றால், அந்தக் கட்டடத்தில் பெட்டி வைக்காதீர்கள். இதில் சமாதானம் பேச எதுவுமில்லை.

கொட்டினால் கொடுக்கு தோலில் நின்று நஞ்சை இறக்கிக்கொண்டேயிருக்கும். நகத்தால் சுரண்டுவதா பிடுங்குவதா என்று யோசிக்காமல் உடனே எடுத்துவிடுங்கள், வேகம்தான் முக்கியம். கொட்டிய இடம் வீங்குவது சாதாரணம். உதடு, நாக்கு வீங்கினால், மூச்சுத் திணறினால், தலை சுற்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.

டெங்குக்குப் புகை அடிக்க வந்தா?

அது பூச்சிகொல்லிப் புகை, தேனீக்கும் நஞ்சு. வரும் நேரம் முன்கூட்டியே தெரிந்தால், தேனீக்கள் எல்லாம் அடைந்திருக்கும் முந்திய இரவே வாசலைக் கம்பிவலையால் மூடி, ஈரச் சாக்கால் போர்த்திவிடுங்கள். புகை கலைந்ததும் சாக்கை எடுத்து, வாசலைத் திறந்துவிட வேண்டும். மூடிவைத்த பெட்டி வெயிலில் நின்றால் புகை கொல்லாததைச் சூடு கொன்றுவிடும். காலிப் பெட்டி என்றால் சில நாள் திறந்து காற்றாட விட்டால் சரி.

ஜப்பான்ல ஒரு ஓர்கிட் பூவை வைச்சே தேனீ பிடிக்கிறாங்களாமே, இங்க சரிவருமா?

கதை உண்மை. சிம்பிடியம் வகை ஓர்கிட் ஒன்றை ஜப்பானில் கின்ரியோஹென் என்பார்கள். பூத்த தொட்டியை வெறும் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால், ஜப்பானியப் பெட்டித்தேனீக் கூட்டம் பூவிலேயே வந்து மொய்க்கும். அந்தத் தேனீ நம்முடைய அதே இனத்தின் வேறொரு கிளை. ஐரோப்பியத் தேனீ அந்தப் பூவைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் அது குளிர்ந்த காலநிலைக்கான செடி, கொழும்பின் புழுக்கத்தில் பூக்கவைக்க ஆசைப்பட்டுக் காசைக் கரைக்க வேண்டாம். பேராதனைப் பக்கம் ஓர்கிட் வளர்க்கும் யாராவது முயன்று பார்த்தால் கேட்க எனக்கும் ஆசைதான்.

எப்ப தேன் எடுக்கலாம்?

முதல் வருடம் எடுக்காதீர்கள். அதன் பிறகும் மழைக்காலத்துச் சாப்பாட்டை அதற்கே விட்டுவிட்டு, மிஞ்சினால் எடுங்கள். இந்தத் தேனீ தருவது வருடத்துக்குச் சில கிலோதான். வியாபாரக் கணக்குப் போடுகிறவருக்கு கொழும்பு ஏற்ற இடமில்லை.

ஒரு வருசமாச்சு, ஒண்டும் வரேல்ல. பெட்டியை வித்திடவோ?

முதலில் இடத்தை மாற்றுங்கள். ஒரே பெட்டியை ஒரே மூலையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதைவிட, இரண்டு மூன்று பெட்டிகளைத் தெரிந்தவர்களின் வளவுகளில் பிரித்து வைப்பது புத்தி. பத்தரமுல்லை, கோட்டேப் பக்கம் சதுப்பு நிலத்தையும் மரங்களையும் ஒட்டிய வீடுகள் கொழும்பு நடுவைவிட நல்லவை. மாதம் ஒருமுறை திறந்து கரப்பான், பல்லி, சிலந்தியைத் தட்டிவிட்டு, மெழுகைப் புதிதாகத் தேயுங்கள். வேவுத் தேனீ நடமாடும் கிழமையில் மட்டும் இதைச் செய்யவேண்டாம்.

அதற்கும் வராவிட்டால் குடும்பத்தோடு வாங்குவதே நேர்வழி. விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு பண்டாரவளை பிந்துனுவெவவில் இருக்கிறது. பயிற்சி பற்றியும், குடும்பங்கள் எங்கே கிடைக்கும் என்பது பற்றியும் அங்கே விசாரிக்கலாம். வாங்கிய பெட்டியை இரவில் கொண்டுவாருங்கள், வாசலில் கம்பிவலை இருக்கட்டும், வாகனத்தில் சட்டங்கள் ஆடாதபடி இறுக்குங்கள். உங்கள் வெறும் பெட்டியை அப்போதும் விற்கவேண்டாம். வாங்கிய குடும்பம் அடுத்த மாசியில் பிரிந்தால் அதைப் பிடித்து வைக்க இடம் வேண்டுமே.